எத்தனை எம்பிபிஎஸ் என்பது கடைசிக் கேள்வி

மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். "வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் எடுக்கப்போறேன், எது நல்லது?" கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்குப் பிரிண்டர் ரிப்பேரும் பிராட்பேண்ட் திட்டமும் தெரிந்திருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. பல வருடங்களாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். "பெரிய கம்பெனி எதுனாலும் எடுத்துக்கோங்க. கேபிள்காரங்ககிட்ட மட்டும் போகாதீங்க."

என் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பொறியியல் படித்தவர்களிடம் இது ஒரு அனிச்சைச் செயல் மாதிரி. கேபிள்காரர் என்றால் ரசீது இல்லாத ஆள், சட்டைப் பையில் சில்லறையோடு மாதக் கடைசியில் கதவைத் தட்டுகிறவர், நேற்றுவரை சன் டிவி கொடுத்தவர். அவரிடம் எப்படி இணையம் வாங்குவது?

அந்தப் பதில் தவறு என்று இப்போது நினைக்கிறேன். அரைகுறைத் தவறுகூட இல்லை, அடிப்படையிலேயே தவறு. நான் அதைச் சொல்லி எத்தனை பேரைத் தப்பான இடத்துக்கு அனுப்பியிருப்பேனோ தெரியாது. இந்தக் கட்டுரை என் பழைய பதிலுக்கும், அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் எதிரானது.

*

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தென் மாவட்டங்களில் மழை ஆரம்பித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவோடு நின்றுவிட்டது, அந்த வகையில் அதிர்ஷ்டம். கரண்ட் போனது, செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, நெட் போனது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆறு வந்தால் எல்லாம்தான் போகும்.

புதன்கிழமை ராத்திரி கரண்ட் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டில் நெட் வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் இருந்தது உள்ளூர் கேபிள் அண்ணாச்சியின் ஃபைபர். அண்ணாச்சியும் இரண்டு பையன்களும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒயர் சுருளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஜாயின்ட் போட்டுக்கொண்டிருந்ததை மாடியில் நின்று பார்த்தேன்.

என் வீட்டில் இருந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் இணைப்பு. பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் கட்டுரை அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றியதாகிவிடும். டப்பாவில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. ஆப்பில் புகார் பதிந்தேன். "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று வந்தது. மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று வந்தது. தீரவில்லை. மறுபடி பதிந்தேன், மறுபடி தீர்க்கப்பட்டது. கால் சென்டரில் ஒரு பெண் மிக மரியாதையாக, "உங்கள் ஏரியாவில் எந்தப் பிரச்சினையும் காட்டவில்லை சார், ரௌட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்கிறீர்களா?" என்றார். ஜன்னலுக்கு வெளியே அறுந்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அதைப் பதிவுசெய்ய அவருடைய திரையில் இடம் இல்லை.

டிசம்பர் 29-ஆம் தேதி சரியானது. பதினோரு நாள்.

நான் சென்னையை விட்டு ஊருக்கு வந்ததே அப்பாவுக்காக. வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்ற அனுமதியில்தான் எங்கள் வாழ்க்கை ஓடுகிறது. அந்தப் பதினோரு நாளில் நான் பாதி நேரம் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்களுடைய வைஃபையில் வேலை பார்த்தேன். ஜனவரி முதல் வாரம் மேனேஜர் சொன்னார், "அங்க இன்ஃப்ரா சரியில்லைன்னா சென்னைக்கே வந்துடுங்களேன்." அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அது. ஆனால் எனக்குப் புரிந்தது வேறு. அப்பாவோடு நான் இருக்க முடியுமா முடியாதா என்பது தெருமுனையில் அறுந்து தொங்கும் ஒரு கண்ணாடி இழையில் இருக்கிறது. அந்த இழையைத் தேர்ந்தெடுத்தபோது நான் பார்த்தது ஒரே ஒரு எண்ணை. 300 எம்பிபிஎஸ்.

*

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அதற்குப் பின்னால் நாம் ஓடும் ஓட்டத்தில் பாதி அறியாமை, பாதி பெருமை.

வீட்டுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில் ஓடுகிறது. ஆபரேட்டர் அறையில் இருக்கும் ஓஎல்டி என்ற பெட்டியின் ஒரு துளையிலிருந்து ஓர் இழை கிளம்பும். வழியில் ஸ்ப்ளிட்டர் எனப்படும் சின்னக் கண்ணாடித் துண்டு அந்த ஒளியை 32 ஆகவோ 64 ஆகவோ பிரிக்கும். அந்த ஒரு துளையின் மொத்தக் கொள்ளளவு கீழ்நோக்கி ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி அதில் பாதி. 32 வீடுகள் ஒரே சமயத்தில் முழுதாக உறிஞ்சினால் வீட்டுக்கு 78 எம்பிபிஎஸ். 64 வீடுகள் என்றால் 39. சின்ன ஆபரேட்டர்கள் பலர் வைத்திருப்பது இபான் என்ற இன்னும் மலிவான வகை. அதில் மொத்தமே ஒரு ஜிபிபிஎஸ் சொச்சம்தான்.

இது மோசடி இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தைப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கில்தான் உலகம் முழுக்க நெட்வொர்க்குகள் ஓடுகின்றன. தெருவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஆனால் 300 என்பது உங்களுடைய பங்கு அல்ல, உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம். நிஜமான நெருக்கடி இதற்கும் மேலே இருக்கிறது. ஆபரேட்டர் வெளியுலகத்தோடு இணைய எவ்வளவு வாங்கியிருக்கிறார்? 10 ஜிபிபிஎஸ் வாங்கி 2,000 வீடுகளுக்குக் கொடுக்கிறார் என்றால், எல்லோரும் ஒன்றாக வந்தால் வீட்டுக்கு 5 எம்பிபிஎஸ். ஐபிஎல் இறுதிப்போட்டி அன்று ராத்திரி 9 மணிக்கு இந்தக் கணக்கு உங்கள் டிவியில் வட்டமாகச் சுற்றும். விளம்பரத்தில் இந்த எண் ஒருபோதும் வராது. பெரிய நிறுவனமும் சொல்லாது, சின்ன ஆபரேட்டரும் சொல்ல மாட்டார். ஆனால் சின்ன ஆபரேட்டரிடம் நேரில் போய்க் கேட்கலாம். "மேல எவ்வளவு எடுத்திருக்கீங்க அண்ணாச்சி? எத்தன வீடு?" அவர் பதில் சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சரி, நமக்கு எவ்வளவு தேவை? நல்ல எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ். 4கே-வுக்கு 15-இலிருந்து 25. வீடியோ கால் ஒன்றுக்கு 4 போதும். வீட்டில் இரண்டு டிவியில் 4கே ஓடி, இரண்டு பேர் மீட்டிங்கில் இருந்தாலும் 60-ஐத் தாண்டாது. 100 எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தால் நம்மில் பெரும்பாலான வீடுகளுக்கு அது தாராளம். வீடியோ எடிட் செய்து ஏற்றுகிறவர்களுக்கும், நூறு ஜிபி கேம்களை இறக்குகிறவர்களுக்கும் மட்டுமே அதற்கு மேல் அர்த்தம் இருக்கிறது. அவர்களும் முதலில் கேட்க வேண்டியது ஏற்றும் வேகத்தை.

இதில் ஒரு வேடிக்கை. 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்த என் நண்பன் ஒருவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவனுக்குக் கொடுத்திருந்த இலவச டப்பாவின் ஒயர் துளை 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாத வகை. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்தது. சுற்றிலும் இருபது வீட்டு வைஃபைகளும் அதே அலைவரிசையில் மோதிக்கொண்டிருக்க, படுக்கையறையில் 30 வந்தது. ஒன்றரை வருடமாக 300-க்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தான். "ஸ்பீடா இருக்குடா" என்று மகிழ்ச்சியாகவும் இருந்தான். இவனும் பொறியாளன்தான். வேலையில் ஒரு சர்வர் தேர்ந்தெடுக்க நாலு நாள் ஒப்பிட்டுப் பார்ப்பவன்.

*

'ஃபைபர்' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. முழு ஃபைபர் என்றால் கண்ணாடி இழை உங்கள் வீட்டுக்குள் வரை வர வேண்டும். நிறைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஃபைபர் கீழே பார்க்கிங்கில் ஒரு பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து மாடிக்குச் செம்புக் கம்பி லேன் ஒயர்தான். இடி இடித்தால் அந்தப் பெட்டியோடு சேர்ந்து உங்கள் ரௌட்டரும் போகும். இன்னொரு பக்கம், 'ஏர்' என்ற முன்னொட்டோடு விற்கப்படும் ஃபைபரில் வீட்டுக்கு ஃபைபரே வருவதில்லை. மொட்டைமாடியில் 5ஜி ஆன்டெனா வைக்கிறார்கள். ஒயர் இழுக்க முடியாத இடத்துக்கு அது நல்ல வழிதான். பெயர்தான் பொய்.

கண்டுபிடிப்பது எளிது. சுவரில் வரும் ஒயரின் முனையைப் பாருங்கள். பச்சையோ நீலமோ சதுரத் தலை வைத்த மெல்லிய ஒயர் என்றால் ஃபைபர். டெலிபோன் ஜாக்கின் அண்ணன் மாதிரி கண்ணாடி பிளாஸ்டிக் தலை வைத்திருந்தால் லேன் ஒயர்.

விலையும் அப்படித்தான். 399 என்று போட்டிருப்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471. அது ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்கூட்டியே கட்டுகிறவர்களுக்கான விலையாக இருக்கும். ஒரு வருடப் பணத்தை முன்னால் கட்டிவிட்டால் உங்கள் கையில் என்ன மிச்சம் இருக்கிறது? மாதக் கட்டணத்தை நிறுத்திவைப்பேன் என்ற மிரட்டல்தான் வாடிக்கையாளரிடம் இருக்கும் ஒரே ஆயுதம். அதை 15 சதவீதத் தள்ளுபடிக்கு விற்றுவிடுகிறோம். நானும் விற்றேன். அந்தப் பதினோரு நாளில் நான் கத்தியதை யாரும் சட்டைசெய்யாததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

இப்போது மறுபக்கம். கேபிள் அண்ணாச்சியைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. அப்படியொரு எழுத்தும் இங்கே பெருகிவிட்டது. சின்னக் கடை, மண்ணின் மைந்தன், மனித முகம் என்று உருகுகிறவர்கள் யாரும் கேபிள்காரரோடு சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

நான் போட்டிருக்கிறேன். நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் ஒருவர் இருந்தார். இரண்டாவது ஆபரேட்டர் ஒயர் இழுத்தால் மறுநாள் காலையில் அது வெட்டப்பட்டுக் கிடக்கும். "இது நம்ம ஏரியா தம்பி" என்பார் சிரித்தபடி. கட்சிக்கரை வேட்டி. பில் கேட்டால், "எதுக்கு தம்பி, ஜிஎஸ்டி கூடுமேன்னு பாக்கேன்" என்பார். அவர் வீட்டில் விசேஷம் என்றால் தெருவுக்கே இரண்டு நாள் நெட் கிடையாது. பெரிய நிறுவனத்தின் ஏகபோகத்துக்கு எதிராகப் பேசும்போது, தெரு அளவிலான இந்த ஏகபோகத்தையும் மறந்துவிடக் கூடாது. அங்கிருந்து பார்த்தால், என் பழைய பதில் எப்படி உருவானது என்று புரியும்.

சின்ன ஆபரேட்டர்களின் நெட்வொர்க்கிலும் குறைகள் உண்டு. ஆசிய-பசிபிக் பகுதிக்கான பழைய வகை ஐபி முகவரிகளின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே காலியாகிவிட்டது. அதனால் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளை அடைத்து வைக்கிறார்கள். ஊரிலிருக்கும் அம்மா வீட்டு சிசிடிவியைச் சென்னையிலிருந்து பார்க்க முடியவில்லை, கேம் விளையாட்டில் நண்பனோடு இணைய முடியவில்லை, எந்தத் தளத்துக்குப் போனாலும் "நீ மனிதனா" என்று கேட்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். புதிய ஐபிவி6 கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மொபைலில் அது பரவலாகிவிட்டது, நிறைய உள்ளூர் ஆபரேட்டர்கள் இன்னும் அதைத் தொடவே இல்லை. இன்னும் சிலர் சென்னையில் இருக்கும் சர்வருக்கே மும்பை சுற்றிப் போகிறார்கள். கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆனால் தெரியாமல் வழி சுற்றினால் ஒளிக்கும் நேரம் ஆகும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், உள்ளூர் இணைப்பை முதலில் பரிசீலியுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன்?

*

இந்தத் தொழிலில் கடைசியில் ஒரு மனிதன் போஸ்ட்டில் ஏற வேண்டும். அது மாறாது. பெரிய நிறுவனத்தின் போஸ்ட்டில் ஏறுவதும் பெரும்பாலும் அதன் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரருக்குக் கீழே இருக்கும் துணை ஒப்பந்தக்காரரின் பையன். பிஎஸ்என்எல் ஃபைபரையே பல ஊர்களில் வருமானப் பங்கு அடிப்படையில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள்தான் வீடுகளுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆக, யாரிடம் வாங்கினாலும் வருவது அதே மாதிரி ஒரு பையன்தான். கேட்க வேண்டிய கேள்வி, அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை பேர்?

என் விஷயத்தில் எண்ணிப் பார்த்தேன். ஆப், கால் சென்டர், வட்டார அலுவலகம், ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், அப்புறம் அவன். ஒவ்வொரு அடுக்கிலும் புகார் ஒருமுறை 'தீர்க்கப்பட்டது'. தீர்ந்ததாகக் காட்டுவதற்குத்தான் அங்கே மதிப்பெண், தீர்ப்பதற்கு அல்ல. மென்பொருளில் வேலை பார்க்கும் எவருக்கும் இது புதிதில்லை. டிக்கெட்டை மூடுவது எப்படி என்று நமக்குத் தெரியாதா? எதிர்வீட்டுக்கு நடுவில் இருந்தது ஒருவர், அண்ணாச்சி. அவரைச் சாயங்காலம் டீக்கடையில் பிடிக்கலாம். அவருக்கு அந்தத் தெருவில் முகம் இருக்கிறது, அந்த முகத்தை இழக்கும் பயமும் இருக்கிறது.

இது நல்ல மனசு பற்றிய பேச்சு இல்லை, கணக்குப் பற்றியது. எங்கள் தெருவின் 60 வீடுகள் அண்ணாச்சிக்குப் பெரிய பங்கு. கோடிக்கணக்கான வாடிக்கையாளர் வைத்திருப்பவருக்கு அவை தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும் ஓர் எண்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. 2015-இல் நெட் நியூட்ராலிட்டிக்காக டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. அதில் நான் அனுப்பியதும் ஒன்று. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் உத்தரவிட்டபோது நாங்கள் ஜெயித்துவிட்டதாகக் கொண்டாடினோம். அதே வருடம் செப்டம்பரில் இலவச டேட்டா வந்தது. வரிசையில் நின்று சிம் வாங்கினோம். அதற்குமுன் இருந்த மொபைல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின, இணைந்தன, திவாலாயின. மிஞ்சியது மூன்று தனியாரும் பிஎஸ்என்எல்லும். 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை ஏற்றின. நாம் என்ன செய்தோம்? மீம் போட்டோம், ரீசார்ஜ் செய்தோம். போக வேறு இடம் இல்லை.

இந்தியாவில் பிராட்பேண்ட் இணைப்புகள் 2024 இறுதியில் 94 கோடிக்கு மேல். அதில் வீட்டுக்கு ஒயர் வழியாக வருபவை ஏறத்தாழ 4 கோடிதான். அதாவது வீட்டு ஃபைபர் சந்தை இன்னும் முழுதாக எழுதி முடிக்கப்படாத பக்கம். நாடு முழுவதற்கும், ஒரு மாநிலத்துக்கும், ஒரு மாவட்ட அளவுக்கும் என்று ஏ, பி, சி வகைகளாக உரிமம் கொடுத்ததால் இந்தத் துறையில் சின்ன நிறுவனங்களும் நிற்க முடிந்தது. கேரளத்தில் சின்னச் சின்ன கேபிள் ஆபரேட்டர்கள் ஒன்றுசேர்ந்து 'கேரளா விஷன்' என்று ஒரு கூட்டு நிறுவனத்தை உண்டாக்கி, அதை நாட்டின் பெரிய கம்பிவழி இணையச் சேவைகளில் ஒன்றாக நிற்கவைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரரும் தேவலாம் என்று நாம் இரக்கப்பட வேண்டியதில்லை, அவர்களால் முடியும் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சான்று. நம் ஊர் அண்ணாச்சிகள் தெருவெல்லை போட்டு ஒருவர் ஒயரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்து மாநிலத்தில் நடந்தது அது.

உங்கள் தெருவில் இன்று மூன்று பேர் ஃபைபர் தருகிறார்கள் என்றால், பெரிய நிறுவனம் 399-க்குத் தருவதே மற்ற இருவர் இருப்பதால்தான். அவர்கள் மூடிவிட்டுப் போன பிறகு வரும் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 2024 சொல்லியிருக்கிறது.

*

"சரி, அப்போ என்ன செய்யச் சொல்ற?" என்று கேட்பீர்கள்.

ஆன்லைனில் 'புக் நவ்' அழுத்துவதற்கு முன் கீழே இறங்கித் தெருவுக்குப் போங்கள். போஸ்ட்டில் யார் யாருடைய பெட்டி தொங்குகிறது என்று பாருங்கள். எதிர்வீட்டு, பக்கத்து வீட்டு மணியை அடித்து, கடைசியாக நெட் போனபோது எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று கேளுங்கள். முடிந்தால் ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு அவர்கள் வீட்டிலேயே வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். நம் தலைமுறைக்குப் பக்கத்து வீட்டு மணியை அடிப்பதுதான் இதிலேயே கஷ்டமான காரியம் என்று தெரியும். இருந்தாலும் அடியுங்கள்.

ஆபரேட்டரிடம் பில் கேளுங்கள். பில்லில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். அவர் வேறொரு நிறுவனத்தின் முகவராக இருக்கலாம், அதில் தப்பில்லை, ஆனால் அது யார் என்று காகிதத்தில் வர வேண்டும். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராயின் தர விதிகளின்படி நிலைவழி இணைப்பின் பழுது 3 நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாகத் தீர்ப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்று இரண்டு படி ஏற வேண்டும். பில் இல்லாதவருக்கு முதல் படியே கிடையாது. பில் தராத அண்ணாச்சியிடம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாங்காதீர்கள். தெருவில் இரண்டாவது ஒயர் வராமல் பார்த்துக்கொள்கிறவரிடமும் வாங்காதீர்கள். அந்த நிலையில் பெரிய நிறுவனமோ பிஎஸ்என்எல்லோதான் சரி, யோசிக்கவே வேண்டாம்.

முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். ரௌட்டரைச் சொந்தமாக வாங்க முடிந்தால் வாங்குங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் உள்ளதாக. இருபது ஓடிடி இலவசம் என்ற பட்டியலைப் படிக்காதீர்கள். கரண்ட் போனால் அவருடைய ஓஎல்டி எவ்வளவு நேரம் பேட்டரியில் ஓடும் என்று கேளுங்கள். உங்கள் டப்பாவுக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புக் கொடுக்க வரும் தம்பியிடம் பவர் மீட்டரை வைத்து ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்று ஓடும், மழைக்குப் படுக்கும். இதற்கெல்லாம் அப்புறம், கடைசியாக, எத்தனை எம்பிபிஎஸ் என்று கேளுங்கள்.

அந்தத் தம்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் ஏறுவது மின்வாரியத்தின் போஸ்ட்டில். தலைக்கு மேலே உயிருள்ள கம்பி. இடுப்பில் கயிறு கிடையாது, கையில் உறை கிடையாது. பெரிய நிறுவனம், சின்ன ஆபரேட்டர் இருவரிடமும் இதே நிலைதான். நம்முடைய 399-இல் குறைக்கப்பட்டிருக்கும் செலவுகளில் அந்த இடுப்புக் கயிறும் ஒன்று. "எவன் மலிவா தருவான்" என்று மட்டும் கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கயிற்றைத்தான் பேரம் பேசுகிறோம். உள்ளூர் ஆபரேட்டரிடம் வாங்கும்போது குறைந்தது அதை நேரில் கேட்க முடியும். கேட்டேன். அண்ணாச்சி முதலில் சிரித்தார். "எல்லாம் பழக்கம் சார்" என்றார். கனெக்‌ஷன் எடுப்பதற்கு நான் வைத்த நிபந்தனைகளில் அதுவும் ஒன்று என்றதும் சிரிப்பை நிறுத்தினார். பெல்ட் ஒன்று வாங்கினார். ஒன்றுதான். அதை அவர்கள் தினமும் கட்டுகிறார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இப்போது எங்கள் வீட்டில் அண்ணாச்சியின் 100 எம்பிபிஎஸ் ஓடுகிறது. பெரிய நிறுவனத்துக்குக் கட்டியதைவிட மாதம் 80 ரூபாய் அதிகம். போன மார்கழியில் ஒரு வைக்கோல் லாரி தெருமுனையில் ஒயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. காலை 7 மணிக்கு போன் செய்தேன். 10 மணிக்கு என் மீட்டிங் ஆரம்பிப்பதற்கு முன் பச்சை விளக்கு வந்துவிட்டது. இறங்கி வந்த தம்பி மீட்டரைக் காட்டினான். "மைனஸ் இருபத்தொண்ணு காட்டுது சார். முன்ன பத்தொம்பது இருந்துச்சு. ஜாயின்ட்ல ரெண்டு போயிருக்கு. வார வியாழக்கிழமை வந்து வேற ஒயர் மாத்திவிடுதேன்."

வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தான். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பியபோது வாசலில் ஏணி சாய்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். பெல்ட் கட்டியிருந்தான்.